விசாலாக்ஷி வாங்கிக் குவித்த வாரம்

சூரத்தில் பிளேக் பரவுகிறது என்று டிவியில் சொன்னபோது விசாலாக்ஷி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். எடுத்தாள். ஒரு காயை நறுக்கிவிட்டு மறுபடி வைத்தாள். அவளுடைய ஒரே பெண் மஹதி கல்யாணமாகி சூரத்துக்குக் குடிபோய் நாலு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை குருபிரசாத்துக்கு அங்கே ஒரு நூல் கம்பெனியில் வேலை.

தொண்ணூற்று நான்காம் வருஷம், புரட்டாசி மாதம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்துக் கட்டிய அடுக்குக் குடியிருப்பில், முதல் மாடியில் விசாலாக்ஷியும் அவள் கணவர் சுப்பராமனும் இருந்தார்கள். அவருக்குத் தி. நகரில் ஒரு கல்லூரி நூலகத்தில் உத்தியோகம். அவள் அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். அந்த வாரம் பள்ளிக்கூடம் காலாண்டு லீவு. லீவு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று சுப்பராமன் பிற்பாடு பலமுறை சொன்னார்.

சும்மா உட்காரத் தெரியாதவள் அவள். பஸ் வரவில்லை என்றால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுவாள். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது மற்றவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பாள். பெண்ணை ரயிலேற்றிவிட்டு வந்த அன்றைக்கு வீட்டிலிருந்த அத்தனை திரைச்சீலைகளையும் கழற்றித் துவைத்தாள். அழவில்லை. அவளுக்கு வரும் துக்கமும் பயமும் கைகால் வழியாகத்தான் வெளியே போகும்.

மஹதி வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றைக் கொடுத்திருந்தாள். அதைச் சுழற்றினால், அந்த மார்க்கத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு பெண்குரல் மூன்று பாஷைகளில் சொன்னது. எப்போதாவது மணி அடித்தது, எடுப்பார் இல்லை. மாப்பிள்ளையின் கம்பெனிக்குப் போட்டாலும் அதே கதைதான்.

"விசாலம், போன் எடுக்கலேன்னா அவாளுக்கு ஏதோ ஆயிடுத்துன்னு அர்த்தமில்லே. ஊரே காலி பண்ணிண்டு போறதாம். அவாளும் கிளம்பியிருப்பா" என்றார் சுப்பராமன்.

"கிளம்பினா எங்க போவா? எதுல போவா? ரயில் கூரை மேலெல்லாம் உக்காந்துண்டு போறான்னு பேப்பர்ல போட்டிருக்கே, நீங்கதானே வாசிச்சேள்?"

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அவருக்கும் பயம்தான். அதை அவர் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்குத்தான் பயத்தோடு வீட்டில் உட்கார வேண்டியிருந்தது.

முற்பகலுக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனாள். முருங்கைக்காய் வாங்கிவரலாம் என்றுதான் போனாள். தெற்கு மாடவீதிக் காய்கறிக் கடைகளில் வழக்கத்தைவிடக் கூட்டம். மூக்கில் கைக்குட்டை கட்டிய ஒருவர் கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வடக்கேர்ந்து இனிமே லாரியே விடமாட்டானாம்பா. வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் இன்னிக்கு இருக்கறதுதான்." கடைக்காரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெங்காயத்தை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டான்.

விசாலாக்ஷி குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கத் தொடங்கினாள். முளை விட்டதை ஒதுக்கினாள், பச்சை பாய்ந்ததை ஒதுக்கினாள், கையில் கெட்டியாக நிற்பதைத் தட்டில் போட்டாள். தட்டு நிறைந்தது. இன்னொரு தட்டு கேட்டாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். கை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் சூரத் ஞாபகமே வரவில்லை.

அன்றைக்கு அவள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு மூட்டை வெங்காயமும் வாங்கினாள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. டில்லிபாபு என்பவனின் மீன்பாடி வண்டி கோயில் குளத்தோரம் நின்றிருந்தது. முன்னால் பலகையும் பின்னால் சைக்கிளுமாக இருக்கும் அந்த வண்டியில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, அவள் ஆட்டோவில் பின்னாலேயே வந்தாள்.

"இன்னா மாமி, வூட்ல கல்யாணமா?" என்றான் டில்லிபாபு, மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டே.

"கல்யாணமெல்லாம் ஆயிடுத்துப்பா."

"அப்பால எதுக்கு இம்மாம்?"

மூட்டைகளை மஹதியின் அறையில் வைக்கச் சொன்னாள். பெண் போன பிறகு அந்த அறை ஒன்றுதான் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. போனைச் சுழற்றுவாள், கிடைக்காது, பையை எடுப்பாள். மறுநாள் தக்காளி. அதற்கடுத்த நாள் பீன்ஸ், கத்திரிக்காய், கேரட், எலுமிச்சம்பழம். மஹதியின் கட்டிலில் செய்தித்தாளை விரித்துத் தக்காளியை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினாள். கட்டிலுக்கு அடியில் கத்திரிக்காய். மேஜைமேல் எலுமிச்சை. கொத்துமல்லியையும் கறிவேப்பிலையையும் ஈரத்துணியில் சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்த முழங்காலால் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

சுப்பராமன் சாயங்காலம் வந்து அறையை எட்டிப்பார்த்தார். "நாம ரெண்டு பேர், விசாலம்."

"அவா வந்தா நாலு பேர்."

"நாலு பேர் சாப்பிடறதா இது?"

"கடையெல்லாம் மூடிட்டான்னா என்ன பண்ணுவேள்? அவா பசியோட வந்து நிப்பா. வெறும் சாதம் போடச் சொல்றேளா?"

அவர் கைகால் கழுவப் போனார். அவளைத் தடுத்தால் அவள் உட்காருவாள், உட்கார்ந்தால் உடைந்துபோவாள் என்று அவருக்குத் தெரியும். இதை மஹதியிடம் அவரே பிறகு சொன்னார்.

குடியிருப்பில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்தில் இருந்த ராகவேந்திரன்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர். தண்ணீர் லாரி வரவழைப்பது, மொட்டைமாடிக் கதவைப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிளேக் என்று கேள்விப்பட்ட அன்றே மாடிப்படிக்கு அடியிலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலும் எலி மருந்து வைத்துவிட்டார். மூன்றாவது தடவையாக மூட்டை ஏறுவதைப் பார்த்ததும் வாசலில் வழிமறித்தார்.

"மாமி, ஒரு நிமிஷம். உங்க பொண்ணு ஏதாவது சொன்னாளா? இங்கயும் வரப்போறதாமா?"

"அவ பேசவே இல்லியே. போனே கிடைக்கலே."

"பின்ன ஏன் இப்படி…"

"எதுக்கும் வாங்கி வெச்சுக்கோங்கோ" என்றாள் விசாலாக்ஷி. நகர்ந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியம் அன்று மத்தியானத்துக்குள் எல்லா மாடிகளுக்கும் ஏறிவிட்டது. சூரத்தில் பெண்ணைக் கொடுத்தவள், விஷயம் தெரியாமலா வாங்குகிறாள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், பக்கத்துத் தெருவுக்கும் போயிற்று. இரண்டு நாளில் தெருமுனைக் காய்கறிக் கடையில் காலையிலேயே கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மருந்துக் கடையில் பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை இல்லை. பால் பூத்தில் விடிவதற்கு முன்பே வரிசை வளைந்து நின்றது. அந்த வரிசையைப் பார்த்தபோது விசாலாக்ஷிக்குத் தன் பயம் சரிதான் என்று தோன்றியது. வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் வந்து நிற்கிறார்கள் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

பால் பூத்தில் நடந்ததுதான் அவளை முதலில் தைத்தது.

அன்று அவள் கூடை நிறையப் பால் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவளுக்கு அடுத்து நின்றவள் கோவிந்தம்மா. தெருமுனையில் கோணிப்பை விரித்துக் கீரை விற்பவள். மீன்பாடி வண்டிக்காரன் டில்லிபாபுவின் மனைவி. இடுப்பில் இன்னும் நடக்கத் தொடங்காத பெண்குழந்தை. பூத்துக்காரன் உள்ளேயிருந்து கையை விரித்தான். "ஆயிப்போச்சும்மா. நாளிக்கி வா."

கோவிந்தம்மா பூத்தைப் பார்த்தாள், பிறகு கூடையைப் பார்த்தாள். "மாமி, உங்க வூட்ல ரெண்டு பேர்தானே கீறீங்க?"

அவள் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஆத்துல மனுஷா வரா" என்றாள் விசாலாக்ஷி.

"ஓ" என்று கோவிந்தம்மா ஒதுங்கி வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த 'ஓ' காதில் நின்றது. இரண்டு பாக்கெட்டைக் காய்ச்சினாள். நேற்றைய பால் தயிராகி ஐந்தாறு பாத்திரங்களில் இருந்தது. முந்தாநாள் தயிர் புளித்து நுரை கட்டியிருந்தது. மிச்ச பாக்கெட்டுகளுக்கு ஃப்ரிட்ஜில் இடம் பண்ண, பீன்ஸை எடுத்து வெளியே வைத்தாள். பீன்ஸ் வழவழவென்று இருந்தது. அன்றைக்கு ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கூடத்துக்கு வந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள். இடையில் திடீரென்று எழுந்து, இரண்டு பால் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாற்போலப் போனாள்.

"கோவிந்தம்மா, இந்தா. கொழந்தைக்கு."

கோவிந்தம்மா தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டு அங்கேயே அடுப்பில் வைத்தாள். குழந்தை கோணிப்பைமேல் உட்கார்ந்து, டீக்கடையில் வாங்கிய வறண்ட பன் துண்டொன்றை ஈறால் கடித்துக்கொண்டிருந்தது. விசாலாக்ஷி போகாமல் நின்றாள். குழந்தை குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

பால் பொங்கவில்லை. அப்படியே துண்டு துண்டாகத் திரிந்தது.

"கெட்டுப்போச்சு மாமி" என்றாள் கோவிந்தம்மா, கரண்டியால் தூக்கிக் காட்டி. "பரவால்ல உடு. கரண்டு இல்லில்ல." பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். குழந்தை அந்தப் பக்கம் எம்பியது. அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, டீத்தண்ணியில் பன்னை நனைத்து ஊட்டத் தொடங்கினாள்.

விசாலாக்ஷி வீட்டுக்கு வந்து மஹதியின் அறைக் கதவைத் திறந்தாள். தினமும் புதிதாகக் கொண்டுவந்ததை வைப்பதற்காகவே அந்த அறைக்குள் போயிருந்தாள். பழையது எப்படி இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. கட்டிலில் கிடந்த தக்காளிகளில் பல அழுகிச் செய்தித்தாளோடு ஒட்டியிருந்தன. மெத்தையில் சிவப்பாகச் சாறு இறங்கியிருந்தது. வெங்காய மூட்டை ஒரு பக்கம் ஈரமாகி நாறியது. கொத்துமல்லி கறுத்துக் கூழாகக் கிடந்தது. சின்னச் சின்ன ஈக்கள் முகத்தில் மோதின.

அப்போதும் அவள் உட்காரவில்லை. நல்ல தக்காளியைப் பிரித்தெடுத்துத் தொக்குக் கிளறத் தொடங்கினாள். கத்திரிக்காயை நறுக்கி வற்றல் போட மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் மழை பெய்து அத்தனையும் நனைந்தது. தொக்கு பாதியில் இருக்கும்போது காஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் வர வாரமாகும். பாதி வெந்த தக்காளியோடு வாணலியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அம்மா, நான்தான். கேக்கறதா?"

விசாலாக்ஷி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா? நாங்க பம்பாய் வந்துட்டோம். அவரோட சிநேகிதர் ஆத்துல நாலு நாளா இருக்கோம். போனே கிடைக்கலேம்மா. டிக்கெட் கெடச்சுடுத்து, நாளன்னிக்குக் கார்த்தால சென்ட்ரல் வந்துடுவோம். ஜுரம் கிரம் ஒண்ணுமில்லே. மாத்திரை சாப்பிட்டுண்டிருக்கோம். அம்மா, அழறியா?"

"இல்லேடி. தொக்கு கிளறிண்டிருக்கேன்" என்றாள் விசாலாக்ஷி. தொடர்பு அறுந்தது.

சுப்பராமன் வந்ததும் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சந்தோஷம் தாங்காமல் அவரே கீழே போய் ராகவேந்திரனிடமும் சொல்லிவிட்டு வந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு எலி செத்துக் கிடந்தது.

விசாலாக்ஷி கூச்சல் கேட்டுப் படியிறங்கியபோது எல்லாக் குடும்பங்களும் அங்கே இருந்தன. ஆனால் யாரும் எலிக்குப் பக்கத்தில் இல்லை. படிகளிலும் வாசலிலும் எட்டி நின்று முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ராகவேந்திரன் அவளைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. எல்லாருமா சேர்ந்து பேசினோம். உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பத்துப் பதினஞ்சு நாள் வேற எங்கயாவது தங்கிக்கட்டும்."

"வேற எங்க?"

"ஏதாவது லாட்ஜ்ல…"

"சூரத்துலேர்ந்து வரான்னு தெரிஞ்சா எந்த லாட்ஜ்ல உள்ள விடுவா? நீங்களே விடமாட்டேங்கறேளே."

"கொழந்தைகள் இருக்கற எடம் மாமி. எலி செத்துக் கிடக்கு, பார்த்தேள் இல்லியோ?"

"அவ இன்னும் ரயில்ல இருக்கா! அந்த எலி அவகூடவா வந்தது?"

யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்: "பின்ன எங்கேர்ந்து வந்தது? இத்தனை வருஷமா இங்க எலியே கிடையாதே."

விசாலாக்ஷிக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். இரண்டு நாளாகவே மஹதியின் அறையில் உருளைக்கிழங்கு மூட்டையின் அடிப்பக்கம் கடிபட்டு ஓட்டையாயிருந்தது. பார்த்தும் பார்க்காதவள்போல மூட்டையைத் திருப்பி வைத்திருந்தாள். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் எலியின் பழி மஹதி தலையில் விடியும். சொன்னால் தன் வீட்டு லட்சணம் எல்லோருக்கும் தெரிந்துபோகும். அவள் யோசிக்கவில்லை.

"வாங்கோ, காட்டறேன்" என்று படியேறினாள்.

சிலர் வந்தார்கள், சிலர் படியிலேயே நின்றார்கள். மஹதியின் அறைக் கதவை அவள் முழுசாகத் திறந்து விட்டாள். நாற்றம் கூடம் வரை அடித்தது. ராகவேந்திரன் ஒரு அடி பின்வாங்கினார். கட்டிலும் மெத்தையும் மேஜையும் தரையும் அவர்கள் கண்முன் கிடந்தன. அவள் மூட்டையைத் திருப்பி ஓட்டையைக் காட்டினாள்.

"இதைத் திங்கத்தான் வந்தது. நான்தான் வரவழைச்சேன். நீங்க வெச்ச மருந்தைத் தின்னுட்டுச் செத்தது. எம் பொண்ணுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே."

சுப்பராமன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவமானத்தில் அவள் காது சூடாகியிருந்தது.

இரண்டாம் மாடியில் இருந்த ஓர் அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். மெதுவாக, தன் கணவருக்குக் கேட்காமல் சொல்வதுபோலச் சொன்னாள். "எங்காத்துலயும் வெங்காயம் ஒழுகறது மாமி. பால்கனில வெச்சிருக்கேன்."

"எங்காத்துல தக்காளி" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் ராகவேந்திரனைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. அவருடைய மனைவிதான் சொன்னாள்: "பாத்ரூம் முழுக்க முட்டைக்கோஸ். கொல்லையில நின்னுண்டு குளிச்சிண்டிருக்கோம்."

ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ராகவேந்திரன் சிரிக்கவில்லை.

எலியைக் கார்ப்பரேஷன் ஆள் வந்து எடுத்துப்போனார். விசாலாக்ஷி டில்லிபாபுவைக் கூட்டிவரச் சொன்னாள். அவன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து அறையைப் பார்த்தான்.

"இன்னா மாமி இது? நான்தானே ஏத்தினு வந்தேன், நல்லாத்தானே இருந்துச்சி!"

"இப்ப எறக்கிக் கொண்டு போப்பா."

அன்று முழுவதும் அந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பக்கெட்டில் தக்காளி, சாக்கில் வெங்காயம், புளித்த தயிர்ப் பாத்திரங்கள், மஞ்சளாகிப்போன முட்டைக்கோஸ். ஒருவர் கொண்டுவருவதை இன்னொருவர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டில்லிபாபு இரண்டு நடை போனான். இரண்டாவது நடை கிளம்பும்போது கோவிந்தம்மா குழந்தையோடு வந்து வண்டியைப் பார்த்தபடி நின்றாள். தேறக்கூடிய உருளைக்கிழங்கைத் தனியாக எடுத்துவைக்கலாமா என்று அவனிடம் கேட்டாள். "வாணாம்மே, எலி வாய் வெச்சது" என்றான் அவன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

விசாலாக்ஷி அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மறுநாள் விடிகாலை பூத்தில் வரிசை இல்லை. ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிக்கொண்டு கோவிந்தம்மாவிடம் நீட்டினாள்.

"நான் வாங்கிட்டேன் மாமி" என்று கோவிந்தம்மா தன் பையைத் தூக்கிக் காட்டினாள். பேச்சில் கோபம் இல்லை. ஆனால் கை நீளவும் இல்லை. பிறகு அவளே கேட்டாள். "உம் பொண்ணு இன்னிக்கி வருதாமே? இட்டாரப் போலியா?"

அப்போதுதான் விசாலாக்ஷி சுப்பராமனைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

சென்ட்ரலில் பிளாட்பாரத்துக்கு வெளியே டாக்டர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களை நிறுத்தி, கண்ணைப் பார்த்து, கழுத்தைத் தடவி, ஜுரம் பார்த்து அனுப்பினார்கள். மஹதி இளைத்திருந்தாள். குருபிரசாத் தாடி வளர்த்திருந்தான். அவர்களிடம் ஒரே ஒரு பை இருந்தது. விசாலாக்ஷி பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போனவள், டாக்டர் என்ன சொல்வாரோ என்று பாதியில் நின்றுவிட்டாள். மஹதிதான் வந்து கட்டிக்கொண்டாள். சுப்பராமன் பையை வாங்கிக்கொண்டு, தாங்க முடியாத அளவுக்குக் கனமாக இருப்பதுபோல அதைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே நடந்தார்.

குடியிருப்பு வாசலில் ராகவேந்திரன் மூக்கில் கைக்குட்டையோடு நின்றிருந்தார். மஹதியைப் பார்த்து, "ஜுரம் ஏதாவது…?" என்றார்.

"இல்லே மாமா. ஸ்டேஷன்லயே பார்த்துட்டா."

"சரி, சரி. மாத்திரையை நிறுத்தாதே" என்று வழிவிட்டார். அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. இரண்டாம் மாடி அம்மாள் மேலேயிருந்து கையசைத்தாள். மற்ற கதவுகள் அந்த வாரம் முழுக்கச் சாத்தியே இருந்தன. நவராத்திரி வந்தபோது கொலுவுக்குக் கூப்பிடப் போன மஹதியிடம் இரண்டு வீட்டார் கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே குங்குமம் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை. வாங்கியதெல்லாம் போய்விட்டது, காஸும் இல்லை. விசாலாக்ஷி பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடியெடுத்துப் பற்றவைத்து, சாதமும் பருப்பும் ரசமும் மட்டும் பண்ணினாள். ரசத்தில் போடக் கொத்துமல்லிகூட இல்லை. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு நடந்ததையெல்லாம் பெண்ணிடம் கொட்டினாள். கட்டிலில் தக்காளி, பாத்ரூம் முட்டைக்கோஸ், எலி, கோவிந்தம்மாவின் குழந்தை எல்லாம்.

மஹதி சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். குருபிரசாத் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"என்ன மாப்பிள்ளே?" என்றார் சுப்பராமன்.

"சொல்லு" என்றான் அவன் மனைவியிடம்.

"நானும் வாங்கினேம்மா" என்றாள் மஹதி. "கலாட்டா ஆரம்பிச்ச அன்னிக்கே கடைல போய் அடிச்சுப் பிடிச்சு வாங்கினேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி, பன்னீர், எல்லாம். பின்னாடி நின்ன ஒருத்திக்கு ஒண்ணுமில்லே. திட்டினா, எனக்குப் புரியலே. மறுநாளே ஊரை விட்டுக் கிளம்பிட்டோம். அவ்வளவும் பூட்டின ஆத்துக்குள்ளயே இருக்கு."

"ஃப்ரிட்ஜையும் அணைச்சுட்டு வந்துட்டா" என்றான் குருபிரசாத்.

நால்வரும் சிரித்தார்கள். மஹதிக்குச் சோறு புரையேறியது. விசாலாக்ஷி சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தட்டினாள். தட்டிய கை சட்டென்று நின்றது.

"பன்னீரா? அணைச்ச ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

"ஆமாம்."

"மூடியா வெச்சே? அங்க எலி உண்டோ?"

"அம்மா, நீ சாப்பிடு."

அவளால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பூட்டிய வீடு அன்றையிலிருந்து அவள் மனதில் ஏறிக்கொண்டது. மழை பெய்தால், அங்கே ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்பாள். தலைதீபாவளிக்குப் புடவை எடுக்கத் தி. நகர் போனபோது, கடையில் நின்றுகொண்டு பினாயில் அங்கே கிடைக்குமா என்று மஹதியைக் கேட்டாள். தீபாவளி முடிந்து அவர்கள் புறப்பட்டபோது, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவளும் கூடவே ரயிலேறினாள். சுப்பராமன் தடுக்கவில்லை.

சூரத் வீட்டுக் கதவைக் குருபிரசாத் திறந்ததும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். விசாலாக்ஷி முதலில் உள்ளே போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து, ஃப்ரிட்ஜை நடுக்கூடத்துக்கு இழுத்தாள். பூசணி மட்டும் அப்படியே இருந்தது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்து, குஜராத்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு துடைப்பமும் ஒரு வாளி வெந்நீரும் இருந்தன. விசாலாக்ஷி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.